அன்றைய கணக்கு அன்றே

பிரதோஷ பூஜை நிறைவுற்று, சுவாமி ரிஷப வாகனத்தில் பிராகாரம் வலம் வந்து முடிந்த வேளை. மண்டபத்தில் அமர்ந்திருந்த அடியார்களுக்குச் சிறுவன் ஒருவன் தொன்னையில் சுண்டல் வழங்கிக்கொண்டு வந்தான். வரிசையில் ஒரு பெரியவரைக் கவனியாமல் அடுத்தவரிடம் சென்றுவிட்டான். "என்னைப் பார்த்தால் உனக்கு ஆளாகத் தெரியவில்லையா?" என்று அவர் எழுப்பிய குரல் நந்தி மண்டபம் வரை கேட்டது. சிறுவன் நடுங்கி நின்றான். பெரியவரின் மனைவி தலை கவிழ்ந்தார். இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் வீடு திரும்பினர்.

அந்தப் பெரியவருக்கு வயது 71. வங்கி ஒன்றில் காசாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எத்தனை பெரிய கூட்டம் நின்றாலும் எவரிடமும் குரல் உயர்த்தாதவர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கா ஒரு தொன்னைச் சுண்டலுக்காக இத்தனை கோபம்?

கோபம் சுண்டலுக்கானது அன்று. அன்று காலை பால் தாமதமாக வந்தது. மோட்டார் நீர் ஏற்ற மறுத்தது. நவம்பர் மாதம் ஆதலால் உயிர்வாழ்வுச் சான்று அளிக்கச் சென்றார். வயதினால் தேய்ந்த கட்டைவிரல் ரேகையை இயந்திரம் மூன்று முறையும் ஏற்கவில்லை. "நாளை வாருங்கள், ஐயா" என்றனர். நண்பகல் உறக்கத்தைக் கடன் வேண்டுமா என்று கேட்ட தொலைபேசி அழைப்பு கலைத்தது. அயல்நாட்டில் இருக்கும் மகன் பேசுவதாகச் சொன்ன நேரத்தில் பேசவில்லை. இவற்றுள் எதுவும் தனியாக ஒரு மனிதரை நிலைகுலையச் செய்வதன்று. ஆனால், ஒன்றும் தீராமலே அடுத்தது வந்து சேர்ந்தது. பல வாரங்களாகவே அவருடைய நாட்கள் இப்படித்தான் கழிந்துகொண்டிருந்தன.

மறுநாள் மருத்துவரிடம் சென்றபோதுதான் இதன் உண்மையான விலை தெரிந்தது. அவருடைய இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. உடன் வந்திருந்த மனைவியையும் பரிசோதித்த மருத்துவர், தலைசுற்றல் உண்டா என்று கேட்டார். அந்த வாரத்தில் இருமுறை வந்ததாக அம்மையார் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று மருத்துவர் வினவ, "சொன்னால் இவர் அதற்கும் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது" என்றார். பெரியவரால் அன்று உணவு கொள்ள முடியவில்லை. கோயில் மண்டபத்தில் பலர் முன் பட்ட அவமானத்தைவிட அந்த ஒரு வாக்கியம் அவரை ஆழமாகத் தைத்தது.

மன அழுத்தம் என்பது மரணம், பொருள் இழப்பு போன்ற பெருந்துன்பங்களால் மட்டுமே வருவது என்று பலரும் எண்ணுகின்றனர். அமெரிக்க உளவியல் அறிஞர் ரிச்சர்ட் லாசரஸும் அவருடன் பணியாற்றியோரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வாழ்வின் பெரிய நிகழ்வுகளைவிட, அன்றாடம் நேரும் சிறு தொல்லைகளே மனநலக் குறைவோடு நெருங்கிய தொடர்பு உடையவை என்பது அதன் முடிவு. இதற்குக் காரணம் உடலின் இயல்பிலேயே உள்ளது. அச்சமோ எரிச்சலோ எழுந்தவுடன் அட்ரீனல் சுரப்பிகள் சில நீர்களைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆபத்து நீங்கியபின் யாவும் தணிந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தணிவதற்குள் அடுத்த தொல்லை வந்தால், உடல் இறங்காமல் மேல்நிலையிலேயே நின்றுவிடுகிறது. உறக்கம் கெடுகிறது, சிறு சொல்லும் பெரிதாகத் தைக்கிறது.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 62, 63 ஆகிய சுலோகங்களில், இதே போன்றதொரு படிவரிசை கூறப்பட்டுள்ளது. ஒன்றையே எண்ணிக்கொண்டிருப்பதில் பற்றும், பற்றினால் ஆசையும், ஆசையிலிருந்து சினமும், சினத்திலிருந்து மயக்கமும் பிறக்கின்றன. மயக்கத்தால் நினைவு தவறி, அறிவும் அழிகிறது. கடைசிப் படியில் நிற்பவரால் தம்மைத் தடுத்துக்கொள்ள இயலாது. முதற்படியில் இருப்பவருக்கு அது எளிது.

காசாளராக இருந்தவருக்கு இது புதிய பாடம் அன்று. வங்கியில் மாலை வந்ததும் கையிருப்பும் ஏடும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் வேறுபட்டாலும் அன்றே தேடிக் கண்டுபிடிப்பார்கள். மறுநாளுக்குத் தள்ளினால் தேடும் வேலை பன்மடங்காகும். விவரம் தெரியாத தொகைகளை நிறுத்தி வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கையும் விரைவில் தீர்த்தாக வேண்டும். பணத்தில் இத்தனை கண்டிப்பு காட்டியவர், மனத்தின் கணக்கை மட்டும் தீர்க்காமலே நாள்தோறும் முன்கொண்டு சென்றிருந்தார்.

சிவாலயத்தில் கணக்கு ஒப்படைக்கவும் ஒரு சந்நிதி உண்டு. கருவறையின் வடபுறம், கோமுகிக்கு அருகில், சண்டிகேசுவரர் தெற்கு நோக்கி வீற்றிருக்கிறார். 63 நாயன்மார்களுள் ஒருவரான இவருடைய பெயராலேயே கோயில் நிலங்கள் வாங்கவும் விற்கவும் பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சிவன் சொத்து எதையும் எடுத்துச் செல்லவில்லை என்பதற்கு அடையாளமாக அடியார்கள் அவர்முன் கைகளை மெல்லத் துடைத்துக் காட்டுவது வழக்கம். மருத்துவரிடம் சென்று வந்த அன்று மாலை பெரியவர் அங்கே நெடுநேரம் நின்றார். வெறுங்கையைக் காட்டும் அந்த இடத்தில், மனத்தையும் வெறுமையாக்கிவிட்டுப் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று தொடங்கிச் சில வழக்கங்களை அவர் மேற்கொண்டார். தரிசனம் முடிந்ததும் உடனே புறப்படாமல் பிராகாரத்தில் பத்து நிமிடம் அமர்கிறார். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுகிறார். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். வீட்டில் விளக்கேற்றிய பின், அன்று மனத்தைத் தைத்தவற்றை ஒரு குறிப்பேட்டில் இரு பக்கமாக எழுதுகிறார். தம்மால் ஆகக்கூடியது ஒரு பக்கம். அதற்கு எதிரே செய்ய வேண்டிய நாளைக் குறிக்கிறார். தம் கையில் இல்லாதது மறு பக்கம். அதை இறைவன் திருவடியில் வைத்துவிடுகிறார். மோட்டார் முதற்பக்கத்தில் இடம்பெற்றது. மகனின் தொலைபேசி அழைப்பு இரண்டாம் பக்கத்திற்குச் சென்றது.

வெளிவேலை ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் வைத்துக்கொள்வதில்லை. உயிர்வாழ்வுச் சான்றைக் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம் என்பதைப் பக்கத்து வீட்டு மாணவனிடம் கேட்டு அறிந்து, வீட்டில் இருந்தபடியே முடித்தார். கேட்பதற்குக் கூசியிருந்தால் இன்னும் இருமுறை அலைந்திருப்பார்.

இவற்றோடு மருத்துவர் தந்த மாத்திரையையும் அவர் தவறவிடுவதில்லை. பக்தியும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. வாரக்கணக்கில் உறக்கம் இன்மை, எதிலும் நாட்டம் இன்மை போன்றவை நீடித்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடமும் காத்திருத்தல் கூடாது.

அடுத்த பிரதோஷத்தில் பெரியவர் அந்தச் சிறுவனைத் தேடிச் சென்று, "அன்று தாத்தா கோபித்தது தவறு, தம்பி" என்றார். சிறுவனோ அதை மறந்தே போயிருந்தான்; சிரித்துக்கொண்டே ஒரு தொன்னையை நீட்டினான்.

வீடு திரும்பும் வழியில் அம்மையார் சற்றே நின்று, "இன்று முழங்கால் மிகவும் வலிக்கிறது, கொஞ்சம் மெதுவாக நடங்களேன்" என்றார். பல மாதங்களுக்குப் பின் அவர் அச்சமின்றிச் சொன்ன சொல் அது. பெரியவர் நடையைத் தளர்த்தி, அவர் கைப்பையை வாங்கிக்கொண்டார்.