கறிவேப்பிலைச் செடியும் தையல்சிட்டும்

சித்திரையும் வைகாசியும் சேர்ந்த இளவேனில், தமிழ்நாட்டுச் சமவெளிகளில் வெயில் ஏறும் காலமே எனினும், வேம்பு பூத்து, கோடைமழைக்குச் செடிகள் தளிர்விட, பூவையும் தளிரையும் நாடிப் பூச்சிகளும் அப்பூச்சிகளை நாடிப் பறவைகளும் வந்து சேரும் காலமும் அதுவே. இவ்வுறவைக் காணக் காட்டுக்கோ சரணாலயத்துக்கோ போக வேண்டியதில்லை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் முருங்கையும் நிற்கும் கொல்லைப்புறம் போதும்.

கறிவேப்பிலைத் தளிரில் கறிவேப்பிலை அழகி என்னும் கருநிற வண்ணத்துப்பூச்சி தன் முட்டைகளைத் தனித்தனியே இட்டுச் செல்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு, நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களாக வளர்கிறது. முதல் நான்கு பருவங்களில் பழுப்பும் வெள்ளையும் கலந்து, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே கிடப்பதும், ஐந்தாம் பருவத்தில் இலையோடு இலையாகப் பச்சை நிறம் கொள்வதும் பறவைகளின் கண்ணுக்குத் தப்பவே. அதையும் மீறி ஏதேனும் அதைத் தீண்டினால், தலைக்குப் பின்னிருந்து கவடுபட்ட சிவந்த உறுப்பொன்றை நீட்டிக் கடும் நெடியைப் பரப்புகிறது. இவ்வினத்துப் பெண் பூச்சிகளுள் ஒரு வகை, ஆடுதின்னாப்பாளைக் கொடியைத் தின்று நஞ்சேறிய வேறோர் இனத்தின் சிறகழகைத் தானும் பூண்டிருக்கும். தீங்கற்ற உயிர் நஞ்சுள்ள உயிரைப் போலத் தோன்றித் தப்பும் இம்முறையைப் போலித்தோற்றம் என்பர். அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு இதனை 1862இல் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

இத்தனை காப்பு இருந்தும் புழுக்களுள் பெரும்பாலானவை பறவைக்கும் குளவிக்கும் எறும்புக்கும் இரையாகின்றன. அவ்வாறு புழுத் தேடி வருவனவற்றுள் ஒன்று தையல்சிட்டு. செம்பழுப்பு நெற்றியும் பசுமை படர்ந்த முதுகும் நிமிர்ந்த வாலும் கொண்ட இச்சிறு பறவையின் பேடு, அகன்ற இலையின் இரு விளிம்புகளிலும் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் அத்துளைகளின் வழியே இழுக்கிறது. வெளிவந்த நுனி பிரிந்து புடைத்துக்கொள்வதால் முடிச்சின்றியே தையல் நிற்கிறது. இவ்வாறு அமைந்த இலைப்பைக்குள் பஞ்சு பரப்பி முட்டையிட்டு, குஞ்சு பொரித்தபின் தாயும் தந்தையும் பகல் முழுவதும் புழு பூச்சிகளைக் கொணர்ந்து ஊட்டுகின்றன. பூந்தேன் பருகும் தேன்சிட்டும் தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவியும்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டுகின்றன. விரைந்து வளரும் உடலுக்கு வேண்டிய புரதம் தேனிலும் தானியத்திலும் போதிய அளவு இல்லை என்பதே காரணம்.

ஆகவே பூச்சி அரித்த இலையைச் செடியின் குறையாகக் கருதுவது பிழை. அது ஒரு கூட்டின் உணவுக் கணக்கு. கறிவேப்பிலை சில கிளைகளை இழந்தாலும் மீண்டும் தழைக்கும். மருந்து தெளிக்கப்பட்ட கொல்லையிலோ புழுவும் சிலந்தியும் ஒருங்கே மடிய, குஞ்சுக்கு இரையும் கூட்டுக்கு நூலும் இல்லாமற் போகின்றன. கொல்லைப்புறம் வாய்க்கப்பெற்றோர் இளவேனில் இரண்டு மாதங்களேனும் பூச்சிமருந்தை ஒதுக்கிவைத்து, சமையலுக்குப் பறிப்பது போக ஒரு கிளையைப் புழுக்களுக்கு விட்டுவைக்க வேண்டும்.