பெரியம்மா வீட்டு கார்ப்பெட்டும் ஒரு உழவாரப்பணியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பூஜை முடிஞ்சு, பிரசாதம் சாப்பிட்டுட்டு நிதானமா படிங்க.

இந்த வருஷம் நம்ம கோயிலுக்கு வரும் மூன்று நான்கு குடும்பங்கள் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வீட்டை விக்கப் போறோம். சாமி மேடையை என்ன செய்றது? வீட்டை எப்படி தயார் பண்றது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட, ஒரு வீட்டில் நாங்கள் செய்த வேலையையும் செய்த தப்பையும் அப்படியே எழுதிடலாம்னு தோணுச்சு. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுட்டுத்தான் எழுதுகிறோம். பேர் மட்டும் வேண்டாம்னு சொன்னாங்க. நாங்கள் அவங்களைப் பெரியம்மான்னுதான் கூப்பிடுவோம்.

ஸ்கூடாய் பக்கம் ஒரு தாமான். ஒரே தளம் உள்ள வரிசை வீடு. அந்த வீட்டு ஹாலில்தான் ஏறக்குறைய இருபது வருஷம் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு நடந்தது. எங்களில் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்து படிச்சவங்க. பெரியப்பா இறந்த பிறகு வகுப்பு நின்னு போச்சு. வீடு அவர் பேரில் இருந்ததால் நில அலுவலகத்தில் பெயர் மாற்றவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பிறகு பெரியம்மா சிரம்பானில் மகளோடு போய் இருக்க முடிவு செய்து, வீட்டை விற்பனைக்குப் போட்டாங்க.

நாலு மாசம் ஆச்சு. பார்க்க வந்தவங்க எல்லாம் வாசல் தாண்டி பத்து அடி நடந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. ஏஜென்ட் ஒளிவுமறைவில்லாம சொல்லிட்டார்: "ஆன்ட்டி, வீடு இருட்டா இருக்கு. எண்ணெய் வாசனை. கார்ப்பெட் எல்லாம் கறை. அந்த சாமி மேடையையும் எடுத்துட்டா நல்லது."

அன்னைக்கு சாயங்காலம் பெரியம்மா கோயிலுக்கு வந்து எங்களிடம் ஒண்ணுதான் கேட்டாங்க. "பிள்ளைங்களா, வந்து சாமிய எறக்கிக் குடுங்க. என்னால தனியா முடியல."

கேட்டதும் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. சாமி இருக்கிறது ஒரு குறையா? வாங்குறவன் வாங்கட்டும், வாங்காட்டிப் போகட்டும்னு ஒரு தம்பி சத்தம் போட்டார். அப்போ எங்களில் ஒரு அக்கா தன் கதையைச் சொன்னாங்க. அவங்க வீடு ஒரு சீனக் குடும்பத்திடம் வாங்கியது. சாவி வாங்கிப் போய்ப் பார்த்தால், வாசல் தூணில் இருந்த சிவப்பு மாடத்தை அவங்களே மரியாதையா எடுத்து, ஆணி ஓட்டையை அடைச்சு, அந்த இடத்துக்குச் சாயமும் அடிச்சு வச்சிருந்தாங்களாம். "அந்த மாடத்தை நான் கழட்டணும்னு விட்டுட்டுப் போயிருந்தா என் கை நடுங்கியிருக்கும். அவங்க சாமிய அவங்களே கூட்டிட்டுப் போனாங்க. அதுதான் மரியாதை," என்றார் அக்கா. அதுக்கப்புறம் யாரும் பேசல.

சனிக்கிழமை காலையில் ஆறு பேர் போனோம். அப்பர் சுவாமிகள் கையில் உழவாரம் ஏந்தி நிற்பதைக் கோயிலில் எல்லோரும் பார்த்திருப்பீங்க. நாங்கள் எடுத்துட்டுப் போனது துடைப்பம், வாளி, ஏணி, பழைய துண்டுகள். பெரியம்மா எங்களுக்கு முதலில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாங்க. அப்புறம்தான் வேலை.

சுத்தம் செய்யும்போது மேலே இருந்து கீழே வரணும். இது கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி நாங்கள் கத்துக்கிட்ட பாடம். பூஜை அறைக் கூரையில் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் படிந்து கறுப்பா இருந்தது. அதில் உடனே ஈரத்துணி போட்டால் கரி இன்னும் பரவும். முதலில் காய்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணி, பிறகு நல்ல தண்ணி. நன்கு காய்ந்த பிறகும் நேரா வெள்ளைச் சாயம் அடிக்கக் கூடாது. எண்ணெய்க் கரி அந்தச் சாயத்தையும் மீறி மஞ்சளாகக் கசிந்து வரும். கறையைத் தடுக்கும் அடிச்சாயம் ஒரு பூச்சு கொடுத்துட்டுத்தான் மேல்சாயம். ஹார்ட்வேர் கடையில் புகைக் கறைக்குன்னு கேட்டால் எடுத்துத் தருவாங்க.

அடுத்தது கார்ப்பெட். இங்கேதான் நாங்கள் தப்பு செய்தோம்.

ஹால் நடுவில் பெரிய பச்சைக் கார்ப்பெட். இருபது வருஷத்து வெள்ளிக்கிழமை எல்லாம் அதில் இருந்தது. எண்ணெய், மஞ்சள், குங்குமம், ஒரு மூலையில் ரோஸ் சிரப். ஒரு தம்பி அவசரப்பட்டு மஞ்சள் கறை மேல் சலவைத்தூளைக் கரைத்து ஊற்றித் தேய்ச்சார். ஒரு நொடியில் அந்த இடம் முழுக்க ரத்தச் சிவப்பு! எல்லோரும் பயந்துட்டோம். பெரியம்மா மட்டும் சிரிச்சாங்க. "மஞ்சளோட சுண்ணாம்பு சேர்த்தாத்தானடா குங்குமம் செய்வாங்க? நீ என் கார்ப்பெட்டுலயே குங்குமம் அரைச்சிட்ட."

உண்மை அதுதான். மஞ்சளின் நிறம் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். சலவைத்தூள், பேக்கிங் சோடா எல்லாமே காரம். வெள்ளை வினிகரைத் தண்ணியில் கலந்து ஒற்றி எடுத்ததும் சிவப்பு இறங்கி மஞ்சள் திரும்ப வந்தது. மிச்ச மஞ்சளை எடுக்க வெயில்தான் மருந்து. மஞ்சளின் நிறம் வெயிலில் நிக்காது. நம் வீட்டு மஞ்சள் துணி கொடியில் வெளுத்துப் போறதைப் பார்த்திருக்கோமே. ஆனா ரொம்ப நாள் போட்டால் கார்ப்பெட் நிறமும் சேர்ந்து வெளுத்துடும், கவனம்.

மற்ற கறைகளுக்கு நாங்கள் செய்தது இது.

எண்ணெய்: சோளமாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டோம். மாவு எண்ணெயை இழுத்துக்கும். காலையில் உறிஞ்சி எடுத்துட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு வெதுவெதுப்பான தண்ணியில் கலந்து ஒற்றினோம்.

குங்குமம்: முதலில் ஈரமே படக்கூடாது. காய்ந்த தூளை வேக்குவம் போட்டு எடுத்த பிறகுதான் தண்ணி. கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் கலந்திருந்தால் முழுசா போகாது. எங்களுக்கும் போகல.

மெழுகு: ஐஸ் வைத்து இறுக வைத்து, கரண்டிக் காம்பால் சுரண்டினோம்.

எந்தக் கறைக்கும் பொதுவான விதி மூணு. தேய்க்காதீங்க, ஒற்றுங்க. ஓரத்திலிருந்து நடுவுக்கு வாங்க. கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் சோதிச்சுப் பாருங்க. கடைசியில் சோப்பு தங்காம நல்ல தண்ணியில் எடுக்கணும். சோப்பு மிச்சம் இருந்தால் அதிலேயே அழுக்கு ஒட்டும். நம்ம ஜொகூர் ஈரக் காற்றில் கார்ப்பெட் சரியாக் காயலைன்னா கறையை விட மோசமா நாறும். நாங்கள் முன்வாசலில் இரண்டு கம்பி கட்டித் தொங்கவிட்டு, மத்தியானம் மழை வரும்போதெல்லாம் ஓடி ஓடிக் கூரைக்குள்ளே இழுத்தோம். கீழே காற்றாடி. முழுசாக் காய இரண்டு நாள் ஆனது.

கார்ப்பெட்டைத் தூக்கியதும்தான் அதுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தோம். ஹால் நடுவில் ஏழு டைல்ஸ் கூடாரம் மாதிரி மேலே எழும்பி, இரண்டு உடைஞ்சே கிடந்தது. பழைய வீடுகளில் இது சகஜம். அடியில் சிமெண்ட் சரியாப் பிடிக்காம வெற்றிடம் இருக்கும், டைல்ஸுக்கு நடுவில் இடைவெளி போதாது, ஈரத்திலும் சூட்டிலும் விரிஞ்சு போக இடமில்லாம ஒரு நாள் 'டப்'புனு எழும்பிடும்.

பெரியம்மாவுக்கு முன்னமே தெரியும். பெரியப்பா இருக்கும்போதே எழும்பியது. அவர்தான் பிள்ளைகள் காலில் குத்தக் கூடாதுன்னு கார்ப்பெட்டை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாராம்.

இப்போ என்ன செய்வது? எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. "கார்ப்பெட்டுதான் இப்ப சுத்தமாயிடுச்சே, மறுபடி விரிச்சுட்டா யாருக்குத் தெரியும்? பழைய வீடு விற்கும்போது 'இருக்கிற நிலையிலேயே' வாங்கிக்கிறேன்னு ஒப்பந்தத்திலேயே போடுவாங்க. பார்த்து வாங்க வேண்டியது வாங்குறவர் பொறுப்பு," என்றார் ஒருத்தர். அவர் சொன்னது சட்டப்படி பெரும்பாலும் சரிதான். நாங்கள் வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், எங்களில் பாதிப் பேர் அவர் பக்கம்தான் இருந்தோம். பெரியம்மா நல்ல விலைக்கு விற்கணும், அவங்க கையில் காசு இருக்கணும் என்கிற ஆசை.

பெரியம்மா கொஞ்ச நேரம் அந்த உடைஞ்ச இடத்தையே பார்த்துட்டு நின்னாங்க. "இந்த எடத்துல உக்காந்துதான் உங்களுக்கெல்லாம் பதிகம் சொல்லிக் குடுத்தாரு. இங்க விரிச்சு மறைச்சுட்டுப் போனா, வர்றவங்க வீட்டுக் குழந்தை கால்ல கிழிக்கும். வேணாம்பா. எடுத்து வச்சிடுங்க."

டைல்ஸ் வேலை தெரிந்த பக்தர் ஒருவர் வந்து கூலி வாங்காம மாற்றிக் கொடுத்தார். பழைய நிறம் எங்கேயும் கிடைக்கல. கிட்டத்தட்ட அதே நிறத்தில் போட்டோம். உற்றுப் பார்த்தால் தெரியும். மற்ற டைல்ஸைத் தட்டிப் பார்த்ததில் இன்னும் சில இடம் வெற்றாகக் கேட்டது. அதையும் வருபவர்களிடம் சொல்லிவிடுவதுன்னு பெரியம்மா முடிவு செய்தாங்க.

சொன்னதும் என்ன ஆச்சு? முதலில் வந்தவங்க அப்படியே போயிட்டாங்க. ஏஜென்ட் முகம் வாடிப்போச்சு. அடுத்து வந்த குடும்பம் அதையே காட்டி விலையைக் குறைச்சுக் கேட்டாங்க. கொஞ்சம் இறங்கித்தான் கொடுத்தாங்க பெரியம்மா. உண்மை சொன்னதால் லாபம் வந்ததுன்னு கதை விட எங்களுக்கு மனசு வரல. நஷ்டம்தான். ஆனா அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினதாச் சொன்னாங்க.

சாமி மேடையைப் பற்றி நம்ம குருக்கள் சொன்னபடி செய்தோம். நல்ல நாள் பார்த்து, விளக்கேற்றி, பூஜை செய்து, மன்னிப்புக் கேட்டு, படங்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கினோம். குலதெய்வப் படமும் குத்துவிளக்கும் பெரியம்மாவோடு சிரம்பானுக்கு. இரண்டு விக்கிரகங்களை, தினமும் விளக்கேற்றும் ஒரு இளம் தம்பதி கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நிலைப்படி மஞ்சள் குங்குமத்தைத் துடைக்கும்போது மட்டும் பெரியம்மா உள்ளே போயிட்டாங்க.

இங்கே ஒரு வேண்டுகோள். வீடு மாறும்போது சாமி படங்களை அரசமரத்தடியிலும் ரோட்டோரத்திலும் கோயில் பின்வாசலிலும் வைத்துட்டுப் போகாதீங்க. மழையில் நனைந்து கண்ணாடி உடைஞ்சு கிடப்பதை நாங்கள்தான் பொறுக்குகிறோம். அந்த வேதனை சொல்லி முடியாது. கொடுக்க ஆள் இருக்கான்னு முதலில் பாருங்க. இல்லைன்னா கோயிலில் கேட்டுட்டு, சட்டகம், கண்ணாடி வேறு, படம் வேறாகப் பிரித்துக் கொண்டு வாங்க.

கடைசியா, கேட்டவங்களுக்காகக் காகித விஷயங்கள். நில வரி, நகராண்மை மதிப்பீட்டு வரி (ஸ்கூடாய் பக்கம் இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம், வருஷத்துக்கு இரண்டு முறை), மின்சாரம், தண்ணீர், இண்டா வாட்டர் ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்க. வீடு இறந்தவர் பேரில் இருந்தால், விற்கும் பேச்சுக்கு முன்னாடி பெயர் மாற்ற வேலையைத் தொடங்குங்க. ஏஜென்ட்டின் பதிவு அட்டையைக் கேட்டுப் பாருங்க, கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு. வழக்கமாக முன்பணம் 3, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது 7, ஆக 10 விழுக்காடு முதலில் வரும். மலேசியக் குடிமக்கள் வாங்கி 5 ஆண்டு தாண்டிய வீட்டுக்கு 2022 முதல் சொத்து ஆதாய வரி கிடையாது, ஆனா வருமான வரி வாரியத்துக்குப் படிவம் கொடுக்கணும். வாரிசாக வந்த வீடுன்னா வக்கீலிடம் கேட்டுக்குங்க. "புக்கிட் சாகாரில் சிங்கப்பூர் ரயில் வருது, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க" என்று யார் அவசரப்படுத்தினாலும், பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடாதீங்க.

சாவி கொடுத்த அன்று பெரியம்மா கார்ப்பெட்டைச் சுருட்டிக் கோயிலுக்கு அனுப்பிட்டாங்க. இப்போ பின்மண்டபத்தில் அதுதான் விரிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் தேவார வகுப்பு மறுபடி தொடங்கியாச்சு. நடுவில் ஒரு மங்கலான குங்குமக் கறை இருக்கும். அது எங்களால் எடுக்க முடியாதது. பிள்ளைகளை அனுப்பி வையுங்க.

வீடு மாறப் போகும் பெரியவங்க யாராவது தனியா இருந்தால் எங்களிடம் சொல்லுங்க. வாளியும் துண்டும் எங்களிடம் இருக்கு. காசு வேண்டாம். ஒரு தேத்தண்ணி போதும்.

சிவாய நம.

இப்படிக்கு,
உழவாரப்பணித் தொண்டர்கள்