முக்கால் மணி நேரம்

வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. அன்றைக்கு மட்டும் நான் எழுதுவதில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, அதுதான் காரணம். மற்ற வேலை நாட்களில் விருத்தாசலம் போய் இறங்குவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு வந்துசேர நாலு வருஷம் ஆனது. முதலில் எல்லோரும் சொல்வதுபோல விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். ஆந்தனி டிரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். காலை 5.30 மணிக்கெல்லாம் மேஜையில் இருப்பார். எதிரில் கடிகாரம், கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு. இதைப் படித்துவிட்டுத்தான் அலாரம் வைத்தேன். நான் எழுந்த சத்தம் கேட்டதும் அத்தையும் எழுந்துவிடுவார். "எழுந்துட்டியா? அப்படியே அடுப்பப் பத்த வச்சிரு." அவ்வளவுதான், அன்றைய எழுத்து முடிந்தது.

டிரோலப்பின் சுயசரிதையில் இன்னொரு விஷயம் பிறகுதான் கண்ணில் பட்டது. அவரை எழுப்பிக் காபி கொடுக்க வயதான வேலைக்காரர் ஒருவர் இருந்தார். அதற்காகவே அவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு மற்ற யாரையும்விட அந்த மனிதருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோமோ என்றுகூட டிரோலப் எழுதியிருக்கிறார். நேர்மையான மனுஷன். ஆனால் காபி போடுகிறவளே எழுதவும் வேண்டுமென்றால் என்ன வழி என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை.

வழி பக்கத்திலேயே இருந்தது. மணக்கொல்லை கண்மணி குணசேகரன் விருத்தாசலம் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தபடியே 'அஞ்சலை', 'கோரை', 'நெடுஞ்சாலை' எழுதியவர். போதாததற்கு எங்கள் பேச்சையெல்லாம் திரட்டி நடுநாட்டுச் சொல்லகராதி வேறு போட்டார். பஸ்ஸைப் பழுதுபார்க்கிற இடத்திலிருந்து நாவல் வரும் என்றால், பஸ்ஸில் போகிறவள் ஒரு பக்கம் எழுதக் கூடாதா?

எங்கள் ஊரைத் தாண்டித் திருச்சி, மதுரை என்று போகிற அதே நெடுஞ்சாலையில்தான் துவரங்குறிச்சியும் இருக்கிறது. அங்கே கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரியில் கழிப்பறைக்குள் நின்று எழுதி, நோட்டை ஒளித்துவைத்து, அம்மா மூலமாக வெளியே அனுப்பியவர் சல்மா. அந்தப் பெயரே வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வைத்துக்கொண்ட புனைபெயர். அவரை நினைத்துக்கொண்டால் ஜன்னலோர சீட்டும் முக்கால் மணி நேரமும் பெரிய வசதி.

நான் கணக்கு எழுதுவது ஒரு சின்ன பீங்கான் பட்டறையில். பொம்மை செய்ய, களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உள்சுவரில் மண் மெல்லப் படியும். வேண்டிய கனம் சேர்ந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அவசரப்பட்டால் பொம்மை நொடித்துப்போகும். ஒரே அச்சில் ஓயாமல் ஊற்றிக்கொண்டிருந்தாலும் அது ஊறிப்போய் உறிஞ்சாது. காயப்போட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எழுதாததற்கு முன்பெல்லாம் என்னையே திட்டிக்கொள்வேன். இப்போது இல்லை.

நோட்டில் பெரும்பாலும் வந்தது அத்தைதான். ஆரம்பத்தில் எல்லாம் புகார். அடுப்பு, தண்ணி, சொந்தக்காரர் முன்னால் சொன்ன ஒரு சொல். ஆனால் தினமும் ஒரே ஆளைப் பற்றிப் புகார் எழுத முடியாது; சரக்கு தீர்ந்துவிடும். பிறகு வேறு ஏதாவது பார்த்தாக வேண்டும். சாப்பிட உட்காரும்போது அவர் தட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வதை அப்படித்தான் கவனித்தேன். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு மிஞ்சுமா, மிஞ்சாதா என்று பார்த்தே பழகிய ஒருத்தி சாப்பிடுகிற விதம் அது. அவசரமாக எழுதியிருந்தால் இது வந்திருக்காது.

போன மாதம் வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். ராத்திரி அத்தை கூப்பிட்டார். "என்னப் பத்தி எழுதறியாமே. படி, கேப்போம்." கை நடுங்கியது. அந்தத் தட்டு வருகிற பக்கத்தைப் படித்தேன். நடுவில் இரண்டு வரியை மட்டும் தாண்டிவிட்டேன். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஏதோ நடுவுல விட்ட மாதிரி இருந்துச்சே" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அடுப்பை அவரே பற்றவைத்திருந்தார். காபி போட்டு வைத்திருந்தாரா என்றால், இல்லை. நான்தான் போட்டேன்.

அந்த இரண்டு வரி உண்மைதான். ஆனால் முகத்துக்கு நேராகப் படிக்க முடியாத வரி. அடிக்கவும் மனம் வரவில்லை. ஒரு மாதமாக பஸ்ஸில் அதையே மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி வர வேண்டும், பொய்யாகவும் ஆகிவிடக் கூடாது. இன்னும் வரவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பார்க்கணும்.