மாத்திரையின் உண்மைப் பெயர்



பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் கடைசிவரை படியுங்கள். அப்படி ஒருவர்கூட இல்லாத வீடு இப்போது எங்கள் ஆண்டிமடத்திலேயே அபூர்வம்.

டாக்டர் சேனக பிபிலே. இந்தப் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். இலங்கைக்காரர். 1920இல் பிறந்தவர். கண்டி டிரினிட்டி கல்லூரியில் படித்து, கொழும்பில் மருத்துவம் முடித்து, எடின்பரோவில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார். 1958இல் இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர் ஆனார். பிறகு பேராதனை மருத்துவப் பீடத்துக்குத் தலைமை ஏற்றார். நினைத்திருந்தால் கொழும்பில் பெரிய டாக்டராக இருந்து நிறையச் சம்பாதித்திருக்கலாம். அவர் பிடித்துக்கொண்டது வேறு ஒரு வேலை. நாட்டுக்குள் எந்த மருந்து வரலாம், அதற்கு என்ன பெயர், என்ன விலை என்று பார்க்கிற வேலை.

அன்றைய இலங்கையில் கிட்டத்தட்ட 2,100 வகை மருந்துகள் இறக்குமதியாகிக்கொண்டிருந்தன. அவ்வளவு நோய் இருந்ததா என்றால் இல்லை. ஒரே மருந்தைப் பத்து கம்பெனி பத்துப் பெயரில் விற்றது. பெயருக்குத் தகுந்தபடி விலையும் மாறியது.

எங்கள் ஆசிரியர் பாஷையில் சொன்னால் எளிதாக விளங்கும். வருகைப் பதிவேட்டில் ஒரு பையனுக்கு ஒரு பெயர்தான். வீட்டில் சின்னத்தம்பி என்பார்கள், தெருவில் குண்டன் என்பார்கள், பாட்டி ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அத்தனையையும் பதிவேட்டில் எழுதினால் நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இருநூறு பேர் இருப்பதாகக் கணக்கு வரும். யார் வந்தார், யார் வரவில்லை என்று கடவுளாலும் சொல்ல முடியாது. மருந்துக் கடையின் நிலைமை அதுதான். பிபிலே செய்தது பதிவேட்டைத் திருத்திய வேலை.

1971இல் அவரும், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலம். அதே ஆண்டு அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. முதல் தலைவர் பிபிலே. மருந்து இறக்குமதி படிப்படியாக அதன் கைக்கு வந்தது. 2,100 மருந்துகள் சுமார் 600 ஆயின. கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு மருந்தின் சொந்தப் பெயரில் உலகம் முழுவதும் டெண்டர் கேட்டார்கள். விலை இறங்கியது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? விலை குறைந்த மருந்து தரம் இல்லாதது என்று டாக்டர்களிலேயே ஒரு பகுதியினர் சொன்னார்கள். இலங்கையில் காலரா பரவிய சமயத்தில் டெட்ராசைக்ளின் தேவைப்பட்டது. மூலப்பொருளை நாங்கள் தருகிறோம், கேப்சூலாக்கிக் கொடுங்கள் என்று அங்கே தொழிற்சாலை வைத்திருந்த ஒரு பன்னாட்டு நிறுவனத்தைக் கூட்டுத்தாபனம் கேட்டது. அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. விவகாரம் அமெரிக்கத் தூதர் நேராகப் பிரதமரிடம் பேசுகிற அளவுக்குப் போனது. ஒரு சின்ன நாடு மாத்திரைக்கு அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு இத்தனை அமர்க்களம்.

"பெயரில் என்ன சார் இருக்கிறது" என்று கேட்பவர்களுக்காக எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற ஓர் அம்மா. சர்க்கரை நோய் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வந்துவிடும். இடையில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். அவரும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சில நாட்களில் காலை வேளையில் வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், கண் இருட்டுவது என்று ஆரம்பித்தது.

என்னிடம் இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்தார். "இது வேற, அது வேற சார். பேரப் பாருங்க, கலரப் பாருங்க" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அரசு அட்டையில் கிளிமிபிரைடு என்று இருந்தது. கடை அட்டையில் அழகான ஒரு பெயர், அதற்குக் கீழே அதே கிளிமிபிரைடு. சர்க்கரையைக் குறைக்கிற ஒரே மருந்தை அந்த அம்மா இரண்டு பங்கு விழுங்கிக்கொண்டிருந்தார்.

நான் வைத்தியம் படித்தவன் இல்லை. எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. "ரெண்டு அட்டையையும் எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்று மட்டும் சொன்னேன். அங்கே டாக்டரம்மா பார்த்து ஒன்றை நிறுத்தினார். நடுக்கம் போயிற்று. பிபிலே எதற்காக அவ்வளவு சண்டை போட்டார் என்பது எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

அவர் கதையின் முடிவு வருத்தமானது. 1977இல் இலங்கையில் ஆட்சி மாறியது. புதிய அரசு தனியார் இறக்குமதிக்கு மறுபடி வழி திறந்துவிட்டது. அதற்கு முன்பே பிபிலே ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்காக வெளிநாடு போயிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று, தென் அமெரிக்காவில் உள்ள கயானாவில் இறந்துபோனார். வயது 57. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்தவை 200 மருந்துகளை ஒட்டித்தான். ஐந்து ஆண்டுகளில், 1982இல், வங்கதேசமும் தேவையற்ற மருந்துகளை விலக்கி ஒரு கொள்கை கொண்டுவந்தது. இலங்கையில் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபைக்கான சட்டம் 2015இல்தான் வந்தது. அவர் இறந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு.

நம் ஊரிலும் இந்த வழியில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, சொந்தப் பெயரிலேயே டெண்டர் விட்டு, பரிசோதனைக்கூடத்தில் சோதித்த பிறகே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. அந்த அட்டையைக் 'கவர்மெண்ட் மாத்திரைதானே' என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சொந்தப் பெயர் இருந்தால் மட்டும் மருந்து நல்லதாகிவிடாது. டாக்டர்கள் மருந்தின் சொந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி போட்டது. தரத்துக்கு யார் பொறுப்பு என்று டாக்டர்கள் கேட்டார்கள். அதே மாதம் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. 2025இல் என்ன நடந்தது? காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் இறந்தன. சோதித்துப் பார்த்தபோது அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அந்தப் பாட்டிலிலும் கம்பெனி வைத்த பெயர் பளபளவென்றுதான் இருந்தது.

ஆகவே பெயரும் வேண்டும், சோதனையும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பிபிலே சொன்ன வழி, பட்டியலைச் சுருக்குவது. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் யார் முகம் வாடியிருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். நூற்று நாற்பது பேரை உட்காரவைத்தால் தெரியாது. மருந்து ஆய்வாளருக்கும் அதே கதிதான்.

நண்பர்களே, இன்று வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றிலும் மருந்தின் சொந்தப் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் அதை அடுத்து ஐ.பி. என்ற இரண்டு எழுத்து இருக்கும். நம் நாட்டு மருந்துத் தரநூல்படி செய்தது என்று அதற்குப் பொருள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பேரனையோ பேத்தியையோ ஒரு நோட்டில் அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டைக் காட்டுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் உடனே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரே மருந்து இரண்டு பெயரில் வந்திருந்தால் கீழே எழுதுங்கள். நாலு பேருக்குத் தெரியட்டும்.