இருபது படுக்கையும் பச்சையாப் போச்சு

எங்க திருமழிசை உங்கள்ல பல பேருக்கு 2020-லதான் தெரிஞ்சிருக்கும். கொரோனா நேரத்துல கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை இங்கதான் கொண்டுவந்து வெச்சாங்க. அந்த வருஷக் கடைசியிலதான் நான் சிப்பிக்காளான் போட ஆரம்பிச்சேன்.

மாடு ரெண்டு, நிலம் ஒண்ணேகால் ஏக்கர். வைக்கோல் மிஞ்சுச்சு. வீட்டுக்காரம்மா மகளிர் குழுவுல கடன் எடுத்துக் கொடுத்தாங்க. இருபது படுக்கை கட்டினேன். பத்தே நாள்ல எல்லாத்துலயும் பச்சைப் பூஞ்சை. தொலைவுல குழி வெட்டிப் புதைச்சேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் சரியா சாப்பிடலை.

தப்பு என்னோடதுதான். வைக்கோலை நறுக்கி ஊறவெச்சு, ஒரு மணி நேரம் வேகவைக்கணும். நான் விறகு மிச்சம் பிடிக்க அரை மணியில இறக்கிட்டேன். ஈரமும் சரியா உலரலை. கையில எடுத்துப் பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாகணும். அதுதான் பதம்.

"கடன் அடைக்கணும்னா மறுபடி போட்டுத்தான் ஆகணும்"னு அவங்கதான் சொன்னாங்க. இந்தத் தடவை அஞ்சே படுக்கை. கொட்டகையில ஈர மணல், சுத்தி ஈரச்சாக்கு. பதினெட்டாம் நாள் பை முழுக்க வெள்ளை படர்ந்துச்சு. அப்புறம் ஓட்டை வழியா குண்டூசித் தலை மாதிரி மொட்டு. மூணே நாள்ல கை அகலம் விரிஞ்சிடுச்சு. முதல் பறிப்பு எங்க வீட்டுக் குழம்புக்கு. கடன் அடைய எட்டு மாசம் ஆச்சு.

சித்திரை வெயிலுக்கு சிப்பிக்காளான் தாங்காது. அப்போ பால்காளான் போடுறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் நம்ம சூட்டுக்கு ஒத்துவருது. அதுக்குப் படுக்கை மேல மண் போடணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுவடை முடிஞ்ச படுக்கையை சாணியோட மக்கவெச்சு வாழைக்குப் போடுறேன். நெல்லு எங்களுக்கு, வைக்கோல் மாட்டுக்கும் காளானுக்கும், மிச்சம் மண்ணுக்கு. இதைத்தான் 'பர்மாகல்ச்சர்'னு சொல்றாங்கன்னு பையன் சொன்னான். எங்கப்பா பேரு வைக்காமலே செஞ்சாரு.

சுத்தி எல்லாம் பிளாட் ஆகிட்டு வருது. நெல்லு போடுறவங்க குறைஞ்சா வைக்கோல் எங்கிருந்து வரும்? அதுக்காகவே இந்தப் போகமும் நாத்து விட்டிருக்கேன்.