பி.டி. சார் போட்ட கணக்கு

நேற்று கால் வலி பற்றி எழுதியதற்கு அத்தனை பேரும் தைலம் பெயர் அனுப்பியிருந்தீர்கள். நன்றி. இன்று எழுதுவது வேறு வலி. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பழைய மாணவன் ஒருவன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். பள்ளி ஹாக்கி டீமில் ஹாஃப் பேக் ஆடியவன். இப்போது கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறான். மகளும் ஹாக்கிதான். அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடிக்கிறாள். மாதாமாதம் வந்த புதுமைப்பெண் பணம் ஆயிரம் ரூபாயைச் சேர்த்து வைத்து ஷூவும் ஸ்டிக்கும் வாங்கியிருக்கிறாள். அடுத்து பி.பி.எட். படிக்க வேண்டுமாம்.

"தனியார் காலேஜ்ல இடம் தாரோம்ங்காங்க சார். ஹாஸ்டலோட ரெண்டு வருசத்துக்கு மூணு லட்சம். பேங்க்ல லோன் கேட்டிருக்கேன். நீங்க நல்லதுன்னு சொன்னா கையெழுத்துப் போட்டுருதேன்" என்றான்.

என் வாயில் உடனே பதில் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் உடற்கல்வி படித்தது 1982-83-இல். அப்போது அது ஒரு வருடப் படிப்பு. அப்பா இரண்டு ஆட்டுக்கிடாயை விற்றார், படிப்பு முடிந்துவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் அரசு வேலை வந்தது. 2018-இல் பழைய பென்ஷனோடு ஓய்வு. என் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு யாராவது இந்தப் படிப்பில் சேர்ந்தால் அவர்கள் பார்ப்பது வேறு காலத்தை.

அது எனக்கே புரியாமல்தான் 2010-இல் இன்னொரு மாணவனிடம், "கிரவுண்டை நம்பினவன் கெட்டதில்லைடா, போய்ச் சேரு" என்றேன். ஒன்றரை லட்சம் கல்விக் கடன். படித்து முடித்து 2012-இல் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்தான். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பெட்டி நிறைய லட்டு வாங்கி வந்தான். சீக்கிரம் நிரந்தரமாகிவிடும் என்று நானும் நம்பினேன். அந்தத் தொகை 10,000 ஆவதற்கு 2021 ஆனது. 2017-இல் நடந்த சிறப்பாசிரியர் தேர்வை எழுதினான், சில மதிப்பெண்ணில் போய்விட்டது. இடையில் வங்கியிலிருந்து நோட்டீஸ். கடனில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்ததால் அவர் பெயருக்கும் ஒன்று. அந்த மனிதர் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வந்தார். திட்டவில்லை. "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். திட்டியிருக்கலாம். இப்போது அவன் மீதி நேரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். தெருவில் பார்த்தால் இன்றும் இறங்கி வணக்கம் சொல்கிறான். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

அதனால் இந்த முறை பேப்பரும் பேனாவும் எடுத்தேன். (கணக்கு சார் இதைப் படித்தால் சிரிப்பார்.) இந்தத் துறையில் இருக்கும் நம் பையன்கள் நாலு பேருக்கு அங்கேயே போன் போட்டேன். உள்ளூர் மெட்ரிக் பள்ளிகளில் இருக்கும் மூன்று பேர் 11,000, 12,000, 14,000 என்றார்கள். அதில் ஒருவனுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது, காலையும் மாலையும் பள்ளி வேனில் பிள்ளைகளோடு போய்வரும் வேலையும் அவன் தலையில்தான். சென்னையில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் இருப்பவனுக்கு 28,000, வீட்டு வாடகை 9,000. அரசுப் பள்ளி என்றால் ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 20,600, படிகள் தனி. ஆனால் தேர்வு எந்த வருடம் வரும் என்று சொல்ல முடியாது. வராத சம்பளத்தை வைத்துத் தவணை கட்ட முடியாதே.

அடுத்து கடன். படிக்கும் இரண்டு வருடமும் முடிந்த பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்கிறார்கள். அவன் அதை வட்டியும் கிடையாது என்று நினைத்திருந்தான். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 10.5 சதவீதம் என்று வைத்தால், மூன்று லட்சம் கட்ட ஆரம்பிக்கும் நாளில் ஏறத்தாழ 3,79,000 ஆகிவிடும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் 6,400 ரூபாய். பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 4,200தான், ஆனால் மொத்தம் ஏழரை லட்சம் கட்டியிருப்பாள். 12,000 சம்பளத்தில் 6,400 போனால் மீதி என்ன? அவள் கல்யாணம், தம்பி படிப்பு எதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அவன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப போலீஸ் பரீட்சை எழுதச் சொல்லவா சார்? அதுல விளையாட்டுக்கு பத்து சதவீதம் இருக்காமே" என்றான். இருக்கிறது. நல்ல வழியும்கூட.

அதுவரை பேசாமலிருந்த பெண், "எனக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கணும் சார். எங்க தெருப் பிள்ளைகளுக்கு இப்பவே காலையில சொல்லிக் கொடுக்கேன். நீங்க ஒரு நாளாவது வேற வேலைக்குப் போயிருக்கலாம்னு நினைச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பொய் சொல்ல முடியுமா? ஆனால் நான் ஆட்டுக்கிடாயில் படித்தவன், நீ வட்டியில் படிக்கப் போகிறவள் என்றும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் இப்படிப் பேசி முடித்தோம். அந்த மூன்று லட்ச ரூபாய் இடம் வேண்டாம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரிக்கும், மேலக்கோட்டையூரில் உள்ள உடற்கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிப்பாள். என்ன ஆனாலும் கடன் 80,000-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு அதே ஏழு வருடக் கணக்கில் மாதம் 1,700 வரும், உள்ளூர்ப் பள்ளிச் சம்பளத்திலும் கட்டிவிடலாம். வட்டி மானியம் கிடைக்குமா என்று வங்கியில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு இடத்திலும் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் காத்திருந்து காவலர் தேர்வையும் எழுதிப் பார்ப்பாள். இந்தக் கடைசி வரிக்கு மட்டும் அவள் தலையாட்டவில்லை. அவள் அப்பாதான் ஆட்டினான்.

கிளம்பும்போது அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

காரைக்குடியில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இருந்தால், பெண்களுக்கு நல்ல விடுதி, மாதச் செலவு எவ்வளவு என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். தனியார் பள்ளியில் பி.டி. ஆசிரியராக இருப்பவர்கள் உங்கள் சம்பளத்தை மறைக்காமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், யாரிடமும் பெயர் சொல்ல மாட்டேன். லோடு ஆட்டோ ஓட்டுகிற தம்பி, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் வீட்டுக்கு வா. அந்தப் பெண்ணும் வருகிறாள், உன் கணக்கையும் அவள் கேட்கட்டும்.