தனி லைன்

எண்பதுகளில் கோயமுத்தூர் பீளமேட்டில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் சுவரெல்லாம் தேக்கு ரீப்பர் ஓடும். அதன்மேல் தகரக் கிளிப்புகள் கவ்விப் பிடித்த கறுப்பு வயர்கள். வாசல் கதவை ஒட்டி மரப் பலகையில் மெயின் சுவிட்ச். அதன் கீழே வெள்ளைப் பீங்கானில் இரண்டே இரண்டு பீஸ் கட்டைகள். குண்டு பல்பு, ஃபேன், ரேடியோ, அயர்ன் பாக்ஸ் எல்லாம் அந்த இரண்டை நம்பித்தான் ஓடின.

பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகு மில்களும் மோட்டார் பட்டறைகளும் பெருகிய ஊர் கோயமுத்தூர். கிரைண்டருக்கே பேர்போன ஊரில் எங்கள் வீட்டுக்கு மட்டும் அது வராமல் இருக்குமா? அரை எச்.பி. மோட்டார் வைத்த கிரைண்டர் ஒன்று அடுக்களை மூலையில் வந்து உட்கார்ந்தது. அம்மா மாவாட்ட சுவிட்சைத் தட்டியதும் கூடத்து பல்பு ஒரு கணம் சிவந்து மங்கி, பிறகு தெளியும். ரேடியோ கரகரக்கும். அந்தக் கணத்துக்காகவே நானும் தங்கையும் பல்பைப் பார்த்தபடி காத்திருப்போம்.

அடுத்து வந்தது வெந்நீர் ஹீட்டர். அது வந்த மாதத்திலிருந்து பீஸ் போவது வாடிக்கையானது. உதவ வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், மெல்லிய பீஸ் கம்பிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். பீஸ் போவது நின்றது. ஆனால் குளியலறைப் பக்கம் மீன் கருகுவது போன்ற வாடை அடிக்க ஆரம்பித்தது. அம்மா மோப்பம் பிடித்து, அன்றைக்கே அப்பாவை வயர்மேன் மாமாவிடம் அனுப்பினாள்.

அவர் வந்ததும் முதலில் மெயினை அணைத்தார். பீஸ் கட்டையை உருவி அந்தச் செம்புக் கம்பியைப் பிய்த்து எறிந்தார். பிறகு என் கையைப் பிடித்து ரீப்பர் மேல் வைத்தார். மரம் வெதுவெதுவென்றிருந்தது.

“இதுதான் கண்ணு விஷயம். பீஸ் போச்சுன்னா வயரு தப்பிச்சுதுன்னு அர்த்தம். பீஸைக் கெட்டியாக் கட்டினா வயரு எரியும்” என்றார். அப்பாவிடம் திரும்பி, “லைட்டு வயர்ல ஹீட்டரை மாட்டியிருக்கீங்க. வாய்க்கால் எவ்வளவோ அவ்வளவுதானுங்க தண்ணி. அதுக்கு மெயின் போர்டுல இருந்தே தனி லைன் இழுத்தாகணுமுங்க” என்றார்.

இரண்டு நாள் வேலை. விளக்கு, ஃபேனுக்கு 1/18 வயர், கிரைண்டருக்கு 3/20, ஹீட்டருக்கு 7/20. ஒற்றைக் கம்பி, மூன்று கம்பி, ஏழு கம்பி என்று வெட்டிய முனைகளை எண்ணி எண்ணி அடுக்கிவைத்தேன். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பீஸ் கட்டை. அவர் ஸ்டூல் மேல் நின்று காரணம் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். ஹீட்டர் 2000 வாட். நாற்பது வாட் டியூப்லைட் ஐம்பதை ஒன்றாக எரிப்பதற்குச் சமம், அதுவும் விடாமல். மோட்டார் கிளம்பும்போது ஓட்டத்தில் இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். பல்பு மங்கியது அதனால்தான். என்றைக்காவது பிரிட்ஜ் வாங்கினால் அதற்கும் தனி லைன் வேண்டும். வேறெதிலோ கோளாறு வந்து பீஸ் போனால் உள்ளே பாலும் மாவும் கெடக்கூடாது. விளக்குகளைத் தனியாகப் பிரித்ததற்கும் நியாயம் வைத்திருந்தார்: ஹீட்டர் பீஸ் போகிற ராத்திரியிலும் வீடு இருட்டில் தவிக்கக்கூடாது. மூன்று முனை பிளக்கில் எர்த் முனை ஏன் நீளமாக இருக்கிறது என்று கேட்டேன். “அதுதான் முதல்ல போய்த் தொடணும், கடைசியா விடணும்” என்றார்.

கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும் என்று பிறகு பாலிடெக்னிக்கில் படித்தபோது, அந்தச் சூத்திரம் என் உள்ளங்கைக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு லைட்டிங் சர்க்யூட்டில் பத்துப் பாயின்டுக்கு மேல், 800 வாட்டுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு வயரிங் விதி. வயர்மேன் மாமா அதை எண்ணாகச் சொல்லவில்லை, கையால் செய்துகாட்டினார்.

இன்று பீங்கான் கட்டைகள் போய் எம்.சி.பி. வந்துவிட்டது, வயர்கள் சுவருக்குள் ஒளிந்துவிட்டன. சூட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் கவனம் இன்னும் கூட வேண்டும். ஏ.சி., கீசர், இன்டக்‌ஷன் அடுப்பு, வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மிஷின், தண்ணீர் மோட்டார் இவை ஒவ்வொன்றுக்கும் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் வேண்டும். ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் கேட்டு வாங்குங்கள். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைவிடப் பெரியதை மாட்டச் சொல்லாதீர்கள். ஏன் விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கீசரையும் ஏ.சி.யையும் ஒருநாளும் செருகாதீர்கள். வீடு கட்டும்போது டைல்ஸுக்குக் கடை கடையாக ஏறி இறங்கும் நாம், வயரிங் நடக்கிற அந்த இரண்டு மூன்று நாள் பக்கத்தில் நின்று, எந்த லைன் எதற்குப் போகிறது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளையும் கூட நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.